ஐம்பத்தெட்டு ஆடுகளின் மூன்றாம் நாள்

நான் எந்தப் பேருந்தையும் ஓடிப்போய்ப் பிடித்ததில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நின்றுகொள்வேன். நேற்று விசாரணையில் நீங்கள், "இவ்வளவு அவசரம் எதற்கு?" என்று கேட்டீர்கள், அதிகாரி அம்மா. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். என்னைத் தெரிந்த யாரும் அந்தச் சொல்லை என்மேல் போட மாட்டார்கள். என் மனைவி என்னை விட்டுப் போகும்போது சொன்ன காரணங்களில்கூட நான் எதிலும் மந்தம் என்பதுதான் முதலாவது.

தாளும் பேனாவும் கொடுத்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். காப்பியும் வந்தது. நுவோரோவில் ஓர் அரசு அலுவலகத்தில் இவ்வளவு நல்ல காப்பி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எழுதுகிறேன்.

என் பெயர் அந்தியோகோ செர்ப்பி. வயது ஐம்பத்தொன்று. கால்நடை மருத்துவன். பிறந்தது இந்தத் தீவின் தெற்கே கால்யாரியில், கடலோரம். பன்னிரண்டு வருடங்களாக மலையில், ஒருலேய் ஊரில் இருக்கிறேன். ஆய்வுக்கூடம் அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். தடுப்பூசி போட்ட ஆட்டின் ரத்தத்தில் முதல் சில நாட்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இதைச் சொன்னால் விருந்துகளில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார். நீங்கள் போக முடியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஊசி போட்ட அன்றே ரத்தத்தில் ஒரு கூட்டம் கிளம்பும். அது பட்டி நாய் மாதிரி. வந்தது திருடனா தபால்காரனா என்று பார்க்காமல் குரைக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்தக் கிருமியை மட்டும் அடையாளம் கண்டு அடிக்கிற வெள்ளணுக்கள் பிறகுதான் வரும். நோயை முதன்முதலாகப் பார்க்கிற உடம்பில் அவை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முன்பே ஒருமுறை பார்த்த உடம்பென்றால் மூன்றாம் நாளே வந்து நிற்கும். மனிதர்கள் மறந்துவிடுவார்கள், ரத்தம் மறக்காது. ஒரு கருவிக்குள் ரத்தத்தை விட்டால் அணுக்கள் ஒவ்வொன்றாக ஒளிக்கதிரைக் கடந்து போகும். திரையில் ஒவ்வோர் அணுவும் ஒரு புள்ளி. எந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று ஒரு ஆள் கையால் சுற்றிலும் வேலி வரைய வேண்டும். அந்த ஆள் நான். ஆடு மேய்க்கிறவர்கள் ஊரில் வேலி போடுவது கௌரவமான தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நீலநாக்கு நோயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி கடிக்கும். ஆட்டின் முகம் வீங்கும், வாயில் நுரை தள்ளும், நாக்கு நாவற்பழ நிறத்துக்குப் போகும். மலைக்காரர்கள் அக்டோபரில் மந்தைகளைக் கீழே ஒரிஸ்தானோ சமவெளிக்கு ஓட்டிப் போவார்கள், குளிர்காலப் புல்லுக்காக. அந்தப் பூச்சியும் அங்கேதான், அந்த மாதத்தில்தான். எனவே தடுப்பூசி போட்டு முப்பது நாள் கழித்துத்தான் மந்தை நகரலாம் என்று விதி. தடுப்பூசி வருடா வருடம் தாமதமாகத்தான் வரும். முப்பது நாள் காத்திருப்பதற்குள் மலையில் புல் தீர்ந்துவிடும். எனவே எல்லோரும் நாட்களைக் குறைக்கச் சொன்னார்கள். பாலாடைக்கட்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், மேய்ப்பர்கள், பாதிரியார்கூட. எங்கள் இயக்குநர் இலாரியா டாண்டா அவர்களுக்கும் அதுதான் வேண்டும். புதிய தடுப்பூசி ஒன்றைச் சோதிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். நோயையே பார்த்திராத நாற்பது ஆடுகள், ஒரே பட்டியில் பிறந்தவை, எங்கே கிடைக்கும்?

நான் பாக்கிஸ் லாதுவின் பெயரைச் சொன்னேன்.

பாக்கிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. என் வீட்டிலிருந்து மேலே நடந்தால் அவர் பட்டி. முந்தைய ஆகஸ்டில் காட்டுத்தீ வந்தபோது அவருடைய நூற்று நாற்பது ஆடுகளும் வேலிக்குள்ளேயே கரிந்துபோயின. அக்டோபர் முடிவதற்குள் அதே பட்டியில் மறுபடியும் ஐம்பத்தெட்டு ஆடுகள் நின்றன. எப்படி என்று நான் அவரைக் கேட்கவில்லை. மலையில் சில கேள்விகளைக் கேட்பதில்லை.

பிப்ரவரியில் படிவத்தோடு போனேன். அவர் மனைவி போனாரியா மெல்லிய மொறுரொட்டியும் கட்டித் தயிரும் வைத்தார். ஆடுகள் என்னைக் கண்டதும் பட்டியின் அந்தக் கோடிக்குப் போய் நெருக்கியடித்து நின்றன.

"பாத்தீங்களா டாக்டரே, என்னயப் பாத்தா ஓடி வருதுங்க, உங்களப் பாத்தா ஓடிப் போவுதுங்க" என்றார் பாக்கிஸ். "ரெண்டு பேரு மேலயும் ஒரே ஆட்டு நாத்தந்தான். பின்ன ஏன்?"

"உப்பு வச்சிருக்கவனும் ஊசி வச்சிருக்கவனும் ஒண்ணா?" என்றார் போனாரியா. "டாக்டர் கல்யாணம் பண்ணப்போ பொண்ணும் இப்படித்தான் ஓடுச்சாம்."

சிரித்தோம். ஏழாவது கேள்விக்கு வந்தேன். எல்லா ஆடுகளும் இந்தப் பட்டியில் பிறந்தவையா? பாக்கிஸ் மனைவியைப் பார்த்தார். மனைவி ரொட்டியைப் பார்த்தார்.

"ஆமா டாக்டரே. எல்லாம் நம்ம வீட்டுதுதான்."

எழுதிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் முன்பு பட்டி முழுவதும் எரிந்துபோன ஒருவரிடம் நான்கு வயது ஆடுகள் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். படிவத்தில் அந்தக் கணக்குக்கு இடம் இல்லை.

ஊசிக்கு முன் ஒருமுறை ரத்தம் எடுத்தேன். ஊசி போட்டு முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் நாள் ரத்தத்தைக் கருவியில் விட்டபோது பின்மதியம். திரை கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. பிறகு வலது மேல்மூலையில் புள்ளிகள் எழுந்தன, கிழக்கு வெளுக்கிற மாதிரி. ஒரு ஆடு, அடுத்தது, அடுத்தது. நாற்பதில் முப்பத்தொரு ஆடுகளில் அந்த வெளிச்சம் இருந்தது. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு அழகான எதையும் நான் பார்த்ததில்லை. அதைச் சுற்றி வேலி வரைந்தபோது என் கை தானாகவே வளைந்தது.

மீதி ஒன்பது ஆடுகள் ஒன்றும் தெரியாத முகத்தோடு இருந்தன. உண்மையில் நோயை முதன்முதலாகப் பார்த்தவை அந்த ஒன்பதுதான். தடுப்பூசியின் நிஜமான வேகம் அவற்றில்தான் இருந்தது, பத்து நாள். "ஊசி சரியாக ஏறவில்லை" என்று எழுதி அவற்றை வேலிக்கு வெளியே நிறுத்தினேன்.

ஊசிக்கு முன் எடுத்த ரத்தம் நாற்பது குழாய்களில் குளிர்பெட்டியில் இருந்தது. அதைச் சோதித்தால் எந்த ஆடு முன்பே நோயைப் பார்த்தது என்று ஒரு பகல்பொழுதில் தெரிந்துவிடும். சோதிக்க வேண்டியவனும் நானே. ஆனால் பாக்கிஸின் வார்த்தையை வைத்து நாற்பதுக்கும் "இல்லை" என்று முன்பே எழுதிவிட்டிருந்தேன். ஒருவர் கொடுத்த வார்த்தையைச் சோதித்துப் பார்ப்பது மலையில் மரியாதைக் குறைவு. குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எங்களுக்கு எப்போதும் குழாய்ப் பற்றாக்குறை.

அறிக்கையை இயக்குநரிடம் கொண்டுபோனேன்.

"அந்தியோகோ, இத படிக்கப்போறவங்களுக்கு மூணு வரிக்கு மேல பொறுமை கிடையாது. எனக்கு ஒரே ஒரு கோடு குடு. அது மேல போவணும்."

"போகுது மேடம்."

"எத்தன நாள்ல?"

"மூணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த ஒம்பது என்ன?"

"சோம்பேறி ஆடுங்க."

"நம்ம ஆபீஸ் மாதிரி" என்று சொல்லிச் சிரித்து, அந்த ஒன்பதையும் அடிக்குறிப்பில் போடச் சொன்னார். அச்சான அறிக்கையில் அடிக்குறிப்பு ஏதோ காரணத்தால் விழவில்லை. பாதாம் பிஸ்கட் வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இருபத்தோராம் நாள் ரத்தம் எடுத்து முடித்ததும் பாக்கிஸின் வீட்டில் சாப்பிட்டேன். இங்கே நான் ஒரு தவறு செய்தேன், அம்மா. இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த தவறு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மிர்ட்டில் பழச் சாராயம் இரண்டு கோப்பை உள்ளே போயிருந்தது. என் வேலை என்னவென்று பாக்கிஸ் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். ரொட்டித் துணுக்குகளை மேஜையில் பரப்பிப் பட்டி நாய்க் கூட்டத்தைக் காட்டினேன். பிறகு வருகிறவற்றைக் காட்டினேன். நோயை முன்பே பார்த்த உடம்பென்றால் மூன்றாம் நாளே எழுந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போனாரியா மேஜையைத் துடைக்க வந்தபோது, "இரு, இரு, கலைச்சிடாத" என்றார்.

ஏப்ரல் தொடக்கத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"டாக்டரே, ரேடியோவுல கேட்டேன். மூணு நாள் ஊசின்னு சட்டமே வரப்போவுதாமே."

"வரும்போல இருக்கு அண்ணே. உங்க ஆடுங்களாலதான். பெருமப்படணும் நீங்க."

"அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் போட்ட கையெழுத்து சரியில்ல. அதுங்க எங்க பட்டியில பொறந்ததுங்க இல்ல."

அப்போது அவர் பரதூரா என்கிற வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர், எனவே எழுதுகிறேன். ஒருவரின் மந்தை தீயிலோ திருட்டிலோ போய்விட்டால் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள ஒவ்வொரு மேய்ப்பரும் ஒரு ஆட்டைக் கொண்டுவந்து அவர் பட்டியில் விடுவார். நோஞ்சானைக் கொடுக்க மாட்டார்கள், நல்ல ஆடாகத்தான் கொடுப்பார்கள். கொடுத்தவர் கொடுத்தேன் என்று பிறகு எங்கும் சொல்லக் கூடாது. வாங்கியவர் யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது. வாசலைத் தாண்டி உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அது அந்தப் பட்டியில் பிறந்த ஆடு. வேறு மாதிரி சொல்வது கொடுத்தவர் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

"அதனாலதான் நீங்க கேட்டப்போ அப்படிச் சொல்லிட்டேன். வேற எப்படிச் சொல்ல? ஆனா நீங்க ரொட்டிய வச்சு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. அவங்க பட்டிங்கள்ல பாதி ஏற்கனவே ஊசி பாத்தது, மீதி நோவு பாத்தது. அப்போ இதுங்க எல்லாம் முன்னாடியே பாத்ததுங்கதானே? மூணு நாளுங்கறது ஊசியோட வேலையே இல்லயே?"

நான் அவருக்கு நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டேன்.

"ஊர்ல அத்தன பேரும் இத நம்பி அக்டோபர்ல கீழ எறக்கிடுவானுங்க டாக்டரே. போன மாசம் பொறந்த குட்டிகூட போவும். எனக்கு ஆடு குடுத்தவனோட ஆட்டயே நான் கொன்ன மாதிரி ஆயிடும். ஈஸ்டர் முடிஞ்சதும் உங்க ஆபீஸ் அம்மாகிட்ட வந்து சொல்லிடறேன். நம்பலன்னா காதப் பாக்கட்டும். பட்டிக்கு ஒரு அடையாள வெட்டு. மறைக்க முடியுமா?"

நல்ல மனிதர். அவர் போன பிறகு நான்கு நாள் யோசித்தேன். ஓடிப்போய் எதையும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான். மூன்று நாள் என்ற எண்ணை எல்லோரும் விரும்பினார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு காலமாக எதிர்பார்த்திருந்த ஒன்றை மறுபடி பத்து நாள் என்று திருத்தினால் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. பாக்கிஸுக்கோ மனசாட்சி உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குக் காரணம் அந்த ஆடுகள். படிவத்தின் பதினான்காவது பிரிவு, உள்ளுறுப்புகளைப் பரிசோதிக்க ஆய்வு விலங்குகளையும் அவற்றோடு பழகியவற்றையும் தேவையான எண்ணிக்கையில் கூடம் கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தேவையான எண்ணிக்கை எவ்வளவு என்று அது சொல்லவில்லை. நான் ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். மற்ற காகிதங்களோடு இயக்குநர் அதிலும் கையெழுத்திட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் போனேன். இரண்டு காவலர்கள் வாசலில் நின்றார்கள். பாக்கிஸ் ஆணையை வாங்கி இரண்டுமுறை படித்தார். எதிர்த்துப் பேசவில்லை.

"உள்ள ஏதாவது கெட்டது பாத்தீங்களா டாக்டரே?"

"பாக்கத்தான் எடுக்கறோம் அண்ணே. எல்லாரோட நல்லதுக்கும்."

"நான் ஈஸ்டர் முடிஞ்சு வரேன்னு சொன்னது தெரியும்ல?"

"தெரியும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் ஆணையை மடித்துப் பையில் வைத்தார். மடியில் பால் நிறைந்திருந்த காலம் அது. ஆடுகள் அவர் குரலுக்குத்தான் அடங்கும், தெரிந்த கை தலையைப் பிடித்திருந்தால் அமைதியாகப் போகும் என்று சொன்னேன். அவர் பிடித்தார். முதல் நாள் முப்பது, இரண்டாம் நாள் இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் பிடிப்பதற்கு முன் அதன் காதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பெயர் எதுவும் சொல்லவில்லை. விலங்குகள் வேதனைப்படக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். ஒன்றுகூடக் கத்தவில்லை.

போனாரியா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "டாக்டரே, ஒங்க கை கொஞ்சம்கூட நடுங்கலயே" என்றார். நன்றி சொன்னேன்.

தோலில் மாதிரித் துண்டு எடுக்கலாம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. காதுகளைத் தனியே எடுத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்து உலையில் அவை மற்ற கழிவுகளோடு போயின.

பாக்கிஸ் சொன்னபடியே ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை வந்தார். திருமணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். இயக்குநர் என்னையும் உட்காரச் சொன்னார். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"லாது, இங்க பாருங்க. இது ஒங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"எல்லாம் எங்க பட்டியில பொறந்ததுன்னு போட்டிருக்கு."

"அது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி, வேற பட்டி ஆடுன்னா யாரோடது? ஒரே ஒரு பேரு சொல்லுங்க. ஆள அனுப்பி அந்தப் பட்டியில விசாரிக்கறேன்."

பாக்கிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஐம்பத்தெட்டுப் பெயர்களும் தெரியும். ஒன்றைச் சொன்னால் போதும் என்பதும் தெரியும்.

"அது சொல்ல மாட்டேன்."

"பின்ன வானத்துலேர்ந்து விழுந்துதா?"

"அப்படியே வச்சுக்கங்கம்மா. ஆனா மூணு நாள்ல யாரயும் கீழ எறங்க விடாதீங்க. நான் பொய்யன்னே எழுதிக்கங்க, ஆடுங்கள மட்டும் எறங்க விடாதீங்க."

இயக்குநர் என்னைப் பார்த்தார். எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். "பாவம், மந்தை போன துக்கத்துல பேசறாரு" என்றேன். அதுவும் பொய்யில்லை. அவர் துக்கத்தில்தான் இருந்தார்.

அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார்கள். ஆய்வுக்குப் பொய்த்தகவல் கொடுக்க முயன்றவர் என்று. ஊர் அவரைக் கைவிடவில்லை. மே மாதத்தில் ஊர் மறுபடி ஆடுகளோடு வந்து அவர் வாசலில் நின்றது. "பொய்யன்னு பேரு வாங்குன பட்டிக்குள்ள உங்க ஆட்ட விடாதீங்க" என்று சொல்லி அவர் கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகு ப்ரெது என்கிற எழுபது வயது மேய்ப்பரிடம் கூலிக்கு மேய்த்தார். ஒருமுறை வழியில் பார்த்து வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். மரியாதை தெரிந்தவர்.

ஜூனில் விதி வந்தது. மூன்று நாள். செய்தித்தாளில் என் படம் இயக்குநரின் தோளுக்குப் பின்னால் பாதி தெரிந்தது.

தடுப்பூசி வழக்கம்போல் தாமதமாக, அக்டோபரில் வந்தது. திங்கள் ஊசி, வியாழன் லாரி. ப்ரெதுவின் மந்தையோடு பாக்கிஸும் போக வேண்டியிருந்தது. லாரிக்கு முன்னால் நின்று கெஞ்சினாராம். "ப்ரெது மாமா, இன்னும் பதினஞ்சு நாள் இருங்க. புல்லு இல்லன்னா எலய வெட்டிப் போடறேன், நான் இருக்கேன்" என்றாராம். "போடா, கவர்மெண்டே சொல்லியாச்சு, நீ என்ன கவர்மெண்டுக்கு மேலயா?" என்று கிழவர் அவரை லாரியில் ஏற்றினாராம். இதை உங்கள் கோப்பில் படித்தேன்.

பெரிய ஆடுகளில் பல தப்பின, முன்பே பார்த்த ரத்தம். இளம் ஆடுகள் எதையும் பார்த்ததில்லை. சமவெளியில் இறங்கிய இரண்டாம் வாரத்தில் முகங்கள் வீங்கத் தொடங்கின. நவம்பர் பாதிக்குள் நான்காயிரத்துக்கு மேல் போயின என்று சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஒருமுறை பார்க்கப் போனேன், தொழில் ஆர்வம். வாய்க்கால் ஓரத்தில் பாக்கிஸ் முழங்காலிட்டு ஓர் இளம் ஆட்டின் வாயிலிருந்து நுரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

அப்போதும் எனக்குப் பெரிய கவலை இல்லை, அம்மா. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். குழாய்கள் இல்லை, காதுகள் இல்லை, படிவத்தில் கையெழுத்து அவருடையது. வெளியிலிருந்து வந்த ஆடுகள் என்று நிரூபிக்க வேண்டுமானால் கொடுத்தவர்கள் வாய் திறக்க வேண்டும். மலையில் அது நடக்காது. தாயின் கல்லறைமேல் கால் வைத்தாலும் வைப்பார்கள், நான் கொடுத்தேன் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். அந்த ஊரின் ஆகச் சிறந்த குணத்தின்மேல் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

டிசம்பர் ஐந்தாம் தேதி ப்ரெது காவல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தார் என்று சொன்னீர்கள். பேச ஆரம்பிக்க ஒரு மணி நேரம் ஆனதாம். "லாதுவோட பட்டியில நான் ஒரு ஆடு விட்டேன். என் ஆட்டுக் காதுல கீழ அரைவட்டம், நுனியில ஒரு கீறல். எழுதிக்கங்க, நான் அசிங்கப்பட்டே சாவறேன்" என்றாராம். அழுதாராம். மறுநாள் காலை நான்கு பேர் வாசலில் நின்றார்கள். அதற்கு அடுத்த நாள் பதினோரு பேர். பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய், கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு, குனிந்த தலையோடு வெளியே போனார்களாம். பாக்கிஸ் எதிர்ச்சாரியில் நின்று, "வேணாம், போங்கடா, போயிடுங்கடா" என்று கத்தினாராம். யாரும் போகவில்லையாம்.

இதைக் கேட்டபோது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. எத்தனையோ நூறு வருடமாக வாய் திறக்காத ஊர். இனிமேல் அங்கே தீயில் மந்தை போனால் யார் கொடுப்பார், எந்த முகத்தோடு வாங்குவார்? ஓர் அருமையான வழக்கம் ஐந்தே நாளில் ஒரு காவல் நிலைய வாசலில் முடிந்தது. அதை உடைத்தது நானில்லை.

ஐம்பத்தேழு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு ஆடு. நேற்று நீங்கள் கோப்பை மூடிவிட்டு, "டாக்டர், பட்டியில் இருந்தது ஐம்பத்தெட்டு. ஒன்று யாருடையது?" என்று கேட்டீர்கள். நான் பேசாமல் இருந்தேன். பிறகு, அவை வெளி ஆடுகள் என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். மூன்றாம் நாள் என்றேன். அது முழுவதும் சரியில்லை.

தீ வந்த வருடம் அக்டோபரில், இரண்டாவது ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் ஆடுகளோடு மேலே நடந்தார்கள். சந்தையில் ஒரு நல்ல ஆடு வாங்கி வைத்திருந்தேன், நானும் நடந்தேன். எனக்கு முன்னால் ப்ரெது. பாக்கிஸின் வாசலில் ஒவ்வோர் ஆடாக உள்ளே போனபோது நான் காதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பன்னிரண்டு வருடமாக ஊசி போட்டவன் நான்தான். எது நோயைப் பார்த்தது, எது பார்க்கவில்லை என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. என் ஆட்டையும் உள்ளே விட்டேன். பாக்கிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லக் கூடாது. ஐம்பத்தெட்டும் ஒன்றோடொன்று கலந்து நின்றபோது, மூன்றாம் நாள் திரை எப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு நாற்பது ஆடுகளைத் தேடியிருந்தால் பத்து நாள் என்றுதான் வந்திருக்கும். தகுந்த மந்தை கிடைத்தது என்று மறுநாளே இயக்குநருக்கு எழுதினேன்.

ஆனால் அந்த ஆட்டை நான் மனமாரத்தான் கொடுத்தேன். இத்தனை நாள் அதைச் சொல்லாததைக் குற்றமாக எழுதாதீர்கள். கொடுத்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அங்கேயே பிறந்து வளர்ந்த ஐம்பத்தேழு பேரால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. கடைசிவரை காப்பாற்றியவன் வெளியூர்க்காரனான நான் ஒருவன்தான் என்பதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.